துணியில் வடியும் தயிர்

தயிரைத் துணியில் கட்டி, அதிலுள்ள நீரின் ஒரு பகுதியை வடியவிட்டால் எஞ்சி நிற்பதே வடித்த தயிர். கிரேக்கம், துருக்கி, சிரியா, லெபனான், ஜோர்டான் ஆகிய நாடுகளிலும், இந்தியாவில் மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களிலும் வீட்டுச் சமையலோடு நெடுங்காலமாக ஒன்றிவிட்ட இந்தப் பண்டம், அண்மை ஆண்டுகளில் ‘கிரேக்க யோகர்ட்’ என்னும் பெயரைத் தாங்கிச் சிறு குவளைகளில் அடைபட்டு, சாதாரணத் தயிரைவிடப் பல மடங்கு விலையில் நகரத்துக் கடைகளின் குளிர்பெட்டிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பால், பிரை, சுத்தமான துணி, ஓர் இரவு ஆகியவற்றுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. எனினும், செய்முறை எளிது என்பதனாலேயே அது எப்போதும் சரியாக அமைந்துவிடுகிறது என்று சொல்வதற்கில்லை. வடித்த தயிர் கடும்புளிப்பாகிவிடுவதும், நாவில் திரிதிரியாக உணரப்படுவதும், எவ்வளவு நேரம் தொங்கினாலும் இறுகாமல் துணியோடு ஒட்டிக்கொள்வதும் பல வீடுகளில் நிகழ்பவையே. இவற்றுக்கான காரணத்தைத் துணியில் தேடுவதில் பயனில்லை. பால் அடுப்பில் இருந்த நேரத்திலும், அது உறைந்த வெப்பநிலையிலுமே பெரும்பாலும் அந்தக் காரணம் ஒளிந்திருக்கிறது.

பசுவின் பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். எஞ்சியதில் கொழுப்பும், லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரையும், புரதமும், தாது உப்புகளும் அடங்கும். புரதத்தின் அளவு 3 முதல் 3.5 விழுக்காடுதான் என்றாலும், தயிரின் உருவத்தைத் தீர்மானிப்பது அதுவே. அப்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்னும் வகையைச் சேர்ந்தது. கேசின், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய திரள்களாகப் பாலில் மிதக்கிறது. எல்லாத் திரள்களின் மேற்பரப்பிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன, பாலும் நீர்மமாகவே இருக்கிறது. பிரை விட்ட பின்பு பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையை அளக்கப் பயன்படும் பி.எச். அளவுகோலில் பால் 6.6 அல்லது 6.7இல் இருக்கிறது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று பொருள். அந்த எண் 4.6ஐ நெருங்கும்போது திரள்களின் மின்னூட்டம் அற்றுப்போவதால், இதுவரை விலகி நின்ற அவை ஒன்றோடொன்று ஒட்டி, பாத்திரம் முழுவதும் பரவிய ஒரு வலைப்பின்னலாகிவிடுகின்றன. கொழுப்பும் நீரும் அந்த வலையின் கண்களுக்குள் சிறைப்படுகின்றன. பால் தயிராகும்போது நீரில் ஒரு சொட்டுகூடக் குறைவதில்லை என்பதும், கத்தியால் வெட்டி எடுக்கத்தக்க கெட்டித் தயிரிலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நீரே இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரியவரும்.

ஆகவே, தயிரின் கெட்டித்தன்மை இரண்டு வெவ்வேறு கட்டங்களில் உண்டாகிறது. வலை எவ்வளவு நெருக்கமாகவும் மென்மையாகவும் பின்னப்படுகிறது என்பது முதற்கட்டம். பின்னப்பட்ட வலையிலிருந்து எவ்வளவு நீர் வெளியேற்றப்படுகிறது என்பது இரண்டாவது. துணியால் செய்ய முடிவது இரண்டாவதை மட்டுமே; முதற்கட்டத்தில் நேர்ந்த குறையை எந்தத் துணியாலும் சரிசெய்ய முடியாது. வடித்த தயிரைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை வடிப்பதிலிருந்தே தொடங்கி, தயிர் எப்படி உறைந்தது என்பதைப் படிப்பவரின் பொறுப்பில் விட்டுவிடுவதுதான் அவற்றின் பெருங்குறை.

முதற்கட்டத்தில் அடுப்பின் பங்கு பெரிது. பால் புரதத்தில் கேசின் போக எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு, தெளிநீர்ப் புரதங்கள் எனப்படுகிறது. தயிரிலிருந்து பிரியும் வெளிர்மஞ்சள் நீரே தெளிநீர். வேறொன்றும் நேராவிட்டால் அந்த நீரோடு கரைந்து போய்விடுபவை என்பதால் இப்புரதங்களுக்கு இப்பெயர். பாலை 85 பாகை செல்சியஸில் அரை மணி நேரமோ, 90 முதல் 95 பாகையில் ஐந்து நிமிடமோ வைத்திருந்தால், இப்புரதங்கள் தம் சுருண்ட வடிவத்தை இழந்து விரிந்து, கேசின் திரள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பின் உறையும் தயிரில் வலை நெருக்கமாக அமைகிறது. நீரோடு போயிருக்க வேண்டிய புரதமும் வலையின் ஓர் இழையாகிவிடுகிறது. பால் பொங்கி மேலே வந்ததும் அடுப்பை அணைத்துவிடும் வழக்கம் குடிப்பதற்கான பாலுக்குப் போதும், வடிக்கவிருக்கும் தயிருக்குப் போதாது. பொங்கிய பின் தணலைக் குறைத்து, அடிபிடிக்காமலும் ஆடை தடித்துவிடாமலும் கிளறியபடி மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் காய்ச்சுவதே தகும். அப்படிக் காய்ச்சிய பாலின் தயிர் நீரை எளிதில் விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதால் வடிவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கிடைப்பது வழவழப்பாகவும் அளவில் கூடுதலாகவும் இருக்கும் என்பதால் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதில் இழப்பில்லை.

பாலைத் தேர்ந்தெடுப்பதில் இந்திய நுகர்வோருக்கு ஒரு வசதி உண்டு. உறையில் அடைத்து விற்கும் பாலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது: சமன்படுத்திய பாலில் முறையே 3 விழுக்காடும் 8.5 விழுக்காடும், நிலைப்படுத்திய பாலில் 4.5 விழுக்காடும் 8.5 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும் 9 விழுக்காடும் குறைந்த அளவாக இருக்க வேண்டும். இந்த எண்களைக் கொண்டு, வடித்த தயிர் எவ்வளவு கிடைக்கும் என்பதை அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். தெளிநீரிலும் ஏறத்தாழ 6 விழுக்காடு திடப்பொருள் கரைந்து போகிறது என்று கொண்டு, கரண்டியில் எடுத்தால் சரியாமல் நிற்கும் பதத்துக்கு வடிப்பதானால், ஒரு லிட்டர் நிறைகொழுப்புப் பாலிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோ வடித்த தயிரும், சமன்படுத்திய பாலிலிருந்து அதில் ஐந்தில் மூன்று பங்கும் கிடைக்கும். பால் விலையில் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால், மலிவான பாலை வாங்குவது இங்கே பெரிய சிக்கனமாகாது. கொழுப்பு முற்றிலும் நீக்கிய பாலின் தயிரையும் வடிக்கலாம் என்றாலும், புரத வலைக்கு இடையே நின்று அதை மென்மையாக்கும் கொழுப்புத் துளிகள் இல்லாததால், அது நாவில் மாவாகப் படியும்.

எருமைப் பால் இயல்பிலேயே திடப்பொருள் மிகுந்தது. அதன் கொழுப்பு பெரும்பாலும் 6 முதல் 8 விழுக்காடு வரை இருக்கிறது. இலங்கையில் மட்டக்களப்புப் பகுதியிலும் தென்மாகாணத்திலும் மண்சட்டியில் உறையவைத்து விற்கப்படும் எருமைத் தயிர், துணியின் உதவியின்றியே சட்டியைச் சாய்த்தாலும் அசையாத அளவுக்கு இறுகி நிற்கிறது. பாலின் அடர்த்தியோடு, நுண்துளைகள் உள்ள சுட்ட மண் தயிரின் நீரைச் சிறிதளவு உறிஞ்சிக்கொள்வதும் இதற்குத் துணைசெய்கிறது. வடித்தல் என்னும் செயல் பாத்திரத்தின் சுவரிலேயே ஓரளவு நடந்துவிடுகிறது என்று இதைச் சொல்லலாம். கிரேக்கத்திலும் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் மரபுத் தயிர், மேலே ஆடை படிந்த நிலையில் வடிக்கப்படாமலேயே உண்ணப்படுகிறது. அப்பாலும் கொழுப்பிலும் புரதத்திலும் பசும்பாலை விஞ்சியது. நீர்த்த பாலைக் கொண்ட வீடுகளுக்கே துணி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பிரையைப் பொறுத்தவரை, யோகர்ட் என்று உலகச் சந்தையில் விற்கப்படும் பொருளும் தமிழ் வீடுகளின் தயிரும் ஒன்றே அல்ல. யோகர்ட்டில் இரண்டு பாக்டீரியாக்கள் மட்டுமே முதன்மை பெறுகின்றன. அவற்றுள் ஒன்றான பல்காரிகஸ் கோலுயிரியை, ஜெனீவாவில் பயின்றுகொண்டிருந்த பல்கேரியரான ஸ்தமென் கிரிகோரவ் 1905ஆம் ஆண்டில் தம் நாட்டுத் தயிரிலிருந்து கண்டறிந்தார். மற்றொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். இவ்விரண்டும் 42 முதல் 45 பாகை வரையிலான வெப்பத்தில் ஒன்றுக்கொன்று உதவியாக வேகமாய்ப் பெருகி, சில மணி நேரத்தில் பாலை உறையவைத்துவிடுகின்றன. வீட்டுப் பிரையிலோ, அறை வெப்பத்திலேயே வளரும் லாக்டோகாக்கஸ் இனங்கள் உட்படப் பலவகை உயிரிகள் கலந்திருக்கின்றன. எந்த வீட்டில் எவை மேலோங்கியிருக்கும் என்பது அந்த வீட்டின் வெப்பத்தையும் பாலையும் பழக்கத்தையும் பொறுத்தது. இருவகைத் தயிரையும் வடிக்கலாம். சில வீடுகளின் பிரையில் உள்ள பாக்டீரியாக்கள் ஒருவகைச் சர்க்கரைப் பசையைச் சுரப்பதால் தயிர் கரண்டியோடு நூலாக இழுபடும். அந்தப் பசை நீரைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், இத்தகைய தயிரைத் துணியில் கட்டுபவர்கள் விடியும்வரை காத்திருந்தும் பாதி நீரே வடிந்திருப்பதைக் காண்பார்கள். இழுபடாத தயிர் உள்ள வீட்டிலிருந்து புதிதாகப் பிரை வாங்கிக்கொள்வதுதான் இதற்குத் தீர்வு.

காய்ச்சிய பாலைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி பிரையைச் சிறிது பாலில் கரைத்து ஊற்றி, அசைக்காமல் மூடிவைக்க வேண்டும். பிரையைக் கூட்டினால் தயிர் கெட்டிப்படும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் அது புளிப்பு ஏறும் வேகத்தையே கூட்டும், வேகமாக உண்டான வலை முரடாகவும் இருக்கும். உறைந்தவுடன், அதாவது பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்தால் தயிர் ஒரே கட்டியாகப் பக்கவாட்டிலிருந்து விலகும் நிலையில், அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். சில மணி நேரக் குளிர்ச்சி, பாக்டீரியாக்களின் வேகத்தைத் தணிப்பதோடு வலையை இறுகச் செய்கிறது. சூடு ஆறாத தயிரை நேரே துணியில் ஊற்றினால், தெளிநீரோடு தயிரும் சேர்ந்து இழையிடுக்குகளின் வழியே வெள்ளையாக ஒழுகிவிடும்.

துணிக்கு நெருக்கமான நெசவுள்ள மல் துணியோ, கஞ்சி போக நன்கு துவைத்த பழைய வேட்டித் துண்டோ ஏற்றது. சோப்பு மணம் தங்கிய துணியும், பூத்துவாலையும் ஏற்றவை அல்ல. முன்னதன் மணம் தயிரில் ஏறிவிடும், பின்னதன் நூற்சுருள்கள் தயிரைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. துணியைக் கொதிநீரில் அலசி, ஆறியபின் பிழிந்து, ஆழமான பாத்திரத்தின்மேல் வைத்த வடிதட்டில் விரித்து, அதில் தயிரை மெல்ல ஊற்றி, நான்கு முனைகளையும் சேர்த்து முடிச்சிட வேண்டும். வடிதட்டின் அடிக்கும் பாத்திரத்தில் தேங்கும் நீருக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். மூட்டையின் அடி நீரில் நனைந்துகொண்டிருந்தால் வடிதல் அங்கேயே நின்றுவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் நீர் இழையாக ஓடும்; பின்பு சொட்டாகும்; பிறகு சொட்டுகளுக்கு இடையேயான நேரம் நீண்டுகொண்டே போகும். துணியை ஒட்டிய தயிர் முதலில் இறுகி, உள்ளேயிருக்கும் நீருக்குத் தடையாகிவிடுவதே இதன் காரணம். இடையில் ஒருமுறை முடிச்சை அவிழ்த்து, ஓரத்தில் இறுகியதை உட்புறமாகத் தள்ளிக் கட்டுவது இந்தத் தடையை நீக்கும். பொறுமையின்றி மூட்டையைப் பிழிபவர்கள் நீரைவிடத் தயிரையே மிகுதியாக இழக்கிறார்கள். வேண்டுமானால் கடைசிக் கட்டத்தில், மூட்டை இறுகிய பின்பு, அதன்மேல் ஒரு தட்டை வைத்துச் சிறு பாரம் ஏற்றலாம்.

வெப்ப நாட்டில் இதை எங்கே தொங்கவிடுவது என்பது பழைய குறிப்புகள் கவனத்தில் கொள்ளாத கேள்வி. மத்தியதரைக் கடற்கரையின் குளிர்கால இரவில் சமையலறைக் கொக்கியில் தொங்கும் மூட்டைக்கு ஒன்றும் நேராது. சென்னையின் சித்திரை மாத இரவில் அதே மூட்டை விடிவதற்குள் கடும்புளிப்பாகிவிடும், ஈரத்துணியில் பூஞ்சைக்கும் இடம் உண்டாகும். எனவே தமிழ்நாட்டின் வீடுகளில் வடிதட்டையும் பாத்திரத்தையும் சேர்த்து மூடிக் குளிர்பெட்டிக்குள் வைப்பதே ஏற்ற வழி. குளிரில் தெளிநீர் மெதுவாகவே வடியும்; வெளியில் நான்கு மணி நேரத்தில் வருவதற்கு உள்ளே ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். அந்தக் கூடுதல் நேரத்தில் தயிர் புளிப்பதில்லை என்பதால், இது செலவில்லாத காத்திருப்பு.

வடிப்பதை எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்தக் கலையின் நடுப்புள்ளி. ஏனெனில், ஒரே துணியில் ஒரே தயிர், நிறுத்தும் நேரத்தைப் பொறுத்து வெவ்வேறு நாடுகளின் வெவ்வேறு உணவாக மாறுகிறது. குளிர்பெட்டியில் நான்கைந்து மணி நேரத்தில் நிறுத்தினால் கிரேக்கர்களின் வடித்த தயிருக்கு அருகில் வரும். தேனும் வாதுமைக் கொட்டையும் சேர்த்து உண்பதற்கும், கிரேக்கச் சாப்பாட்டு மேசையில் தவறாது இடம்பெறும் ட்சாட்சிகி என்னும் தொடுகறிக்கும் இந்தப் பதம் உரியது. வெள்ளரிக்காயைத் துருவி உப்பிட்டு நீரை ஒட்டப் பிழிந்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் கூட்டி வடித்த தயிரில் கலப்பதே ட்சாட்சிகி. தமிழ்நாட்டு வெள்ளரித் தயிர்ப் பச்சடிக்கு நெருங்கிய உறவு என்றாலும், பச்சடி பரிமாறிய சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதும் ட்சாட்சிகி விடாமல் நிற்பதும் தயிரையும் வெள்ளரியையும் முன்கூட்டியே வடித்துவிடுவதால் விளையும் வேறுபாடு. குழம்பிலோ சூடான கூட்டிலோ சேர்க்கும்போது திரிந்துபோகும் அச்சமும் வடித்த தயிரில் குறைவு.

இரவு முழுவதும் வடிந்த தயிரை மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் சக்கா என்கிறார்கள். ஸ்ரீகண்ட் என்னும் இனிப்புக்கு மூலப்பொருள் இதுவே. சக்காவில் மொத்தத் திடப்பொருள் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுவதிலிருந்து, அது எவ்வளவு இறுக்கமானது என்பதை ஊகிக்கலாம். கரண்டியைக் குத்தி நிறுத்தினால் சாயாது. சக்காவோடு சர்க்கரையைக் கலந்து, சல்லடையிலோ மெல்லிய துணியிலோ தேய்த்துக் கட்டி நீக்கி, குங்குமப்பூவும் ஏலக்காயும் சேர்த்துக் குளிரவைத்தால் ஸ்ரீகண்ட் கிடைக்கும். மராத்தியப் புத்தாண்டான குடி பாட்வா அன்று சூடான பூரியோடு அது பரிமாறப்படுகிறது. சர்க்கரை தயிரின் நீரை இழுத்துக்கொண்டு பாகாக இளகும் என்பதால், வடித்தது போதவில்லை என்றால் ஸ்ரீகண்ட் ஓடிவிடும். இனிப்புக்கான தயிரை மட்டும் தேவைக்குச் சற்று மேலாகவே வடிப்பது நல்லது.

ஒரு நாளைக் கடந்தும் வடியவிட்டால் அது மேற்காசியாவின் லப்னே. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய இடங்களில் காலை உணவு லப்னே இல்லாமல் முழுமை பெறுவதில்லை. தட்டில் பரப்பி, நடுவே குழித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சாத்தர் என்னும் காட்டு மூலிகைப் பொடியைத் தூவி, தட்டை ரொட்டியால் வழித்து உண்கிறார்கள். துணியில் கட்டுவதற்கு முன்பே தயிரில் உப்புக் கலப்பது இதன் தனித்தன்மை. கிலோ தயிருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு சுவைக்கும் ஆகும், நீர் விரைவாகப் பிரியவும் உதவும், தயிர் கெடுவதைத் தள்ளிப்போடவும் செய்யும். இரண்டு நாள்கள் வடிந்து பாலாடைக்கட்டியின் இறுக்கத்தை அடைந்த லப்னேயை எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, மேற்பரப்பு உலர்ந்தபின் ஆலிவ் எண்ணெயில் மூழ்கவைத்து மாதக்கணக்கில் காப்பாற்றுவது மலைக்கிராமங்களின் குளிர்காலச் சேமிப்பு. இதை வீட்டில் செய்பவர்கள் பச்சைப் பூண்டையும் ஈரம் உலராத கொத்தமல்லியையும் எண்ணெயில் போடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். புளித்த தயிரின் அமிலம் நச்சுக் கிருமிகளைத் தடுத்துவைக்கும். ஆனால் காற்று புகாத எண்ணெயில் கிடக்கும் பூண்டுக்கு அந்த அமிலப் பாதுகாப்பு இல்லை. உலர்ந்த மிளகாய், உலர்ந்த புதினா போதும். குப்பியும் குளிர்பெட்டியில் இருப்பதே பாதுகாப்பு.

இதற்கும் அப்பால் சென்றவர்கள் மேய்ச்சல் மக்கள். உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளில் வடித்த தயிரான சுஸ்மாவுக்கு உப்பிட்டு உருட்டி, வெயிலில் காயவைத்துக் குருத் என்னும் கல்லுருண்டையாக்குகிறார்கள். ஜோர்டானின் பதூயின் மக்கள் ஆட்டுப்பால் தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின், எஞ்சிய மோரையே வடித்து உப்பிட்டு உலர்த்தி ஜமீத் ஆக்குகிறார்கள்; அதை மீண்டும் நீரில் கரைத்து அந்தச் சாற்றில் ஆட்டிறைச்சியை வேகவைப்பதே அந்நாட்டின் பெருவிருந்தான மன்சஃப். 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் மன்சஃப் இடம்பெற்றது. பால் மிகும் வசந்தத்துக்கும் பால் வற்றும் கோடைக்கும் இடையே, குளிர்பெட்டி இல்லாத ஒரு வாழ்க்கையில், நீரை நீக்குவதே பாலைச் சேமிக்கும் வழியாக இருந்தது. இன்று ஆடம்பரப் பண்டமாக விளம்பரப்படுத்தப்படும் வடித்த தயிர் பிறந்த இடம் இத்தகைய தேவைதான்.

அந்த விளம்பரங்களின் வரலாறு குறுகியது. 1926ஆம் ஆண்டில் ஏதென்ஸில் ஒரு சிறு பால்பொருள் கடையாகத் தொடங்கிய ஃபாயே நிறுவனம் வடித்த தயிரை ஆலைப்பொருளாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹம்தி உலுக்காயா, மூடப்பட்ட ஒரு பாலாலையை 2005இல் நியூயார்க் மாநிலத்தில் வாங்கி, 2007இல் சோபானி என்ற பெயரில் தம் தயிரை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்பு, அமெரிக்காவின் தயிர்ச் சந்தையே கெட்டித் தயிரின் பக்கம் திரும்பியது. இவ்விரு நிறுவனங்களும் இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. கிரேக்கத்தில் செய்யப்படாத தயிரை இங்கிலாந்தில் கிரேக்க யோகர்ட் என்று விற்கக் கூடாது என 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2014இல் அது உறுதியானது. இந்தியக் கடைக்காரருக்கு அந்தத் தீர்ப்போடு தொடர்பில்லை. ஆனால் வாங்குபவர் அறிய வேண்டிய வேறொன்று இருக்கிறது. ஆலைகள் துணிக்கு மாற்றாகச் சுழல் பிரிப்பான்களையும் நுண்வடிப்பான்களையும் பயன்படுத்துவதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, செயல் அதுவேதான். சில தயாரிப்புகளில் வடித்தலே நடப்பதில்லை. பால் புரதப் பொடியோ, மாவுச்சத்தோ, பெக்டினோ, ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டிப்படுத்தப்பட்டு, ‘கிரேக்க பாணி’ என்று பெயரிடப்படுகிறது. அடர்த்தியாக்கிய புளித்த பாலில் குறைந்தது 5.6 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தரநிலை ஆணையத்தின் வரையறை. உறையின் பின்புறத்தில் உள்ள புரத அளவையும் சேர்மானப் பட்டியலையும் படித்துவிட்டால், வாங்குவது தயிரா, தயிரில் கரைத்த மாவா என்பது விளங்கிவிடும்.

சத்துக் கணக்கிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வடித்த தயிரில் எடைக்கு எடை புரதம் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆவது உண்மை; நிறைகொழுப்புப் பாலானால் கொழுப்பும் அதே வீதத்தில் ஏறுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் எல்லாச் சத்தும் இப்படி அடர்வதில்லை. பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்தின் பெரும்பகுதி கேசின் திரள்களுக்குள் பிணைந்திருப்பது. பால் புளிக்கும்போது அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, சுண்ணாம்பு நீரில் கரைந்துவிடுகிறது. எனவே துணியின் வழியே போகும் நீரோடு அதில் கணிசமான பகுதியும் போய்விடுகிறது. கெட்டியாக இருப்பதால் எலும்புக்கு இரட்டிப்பு வலிமை என்று எண்ணி வடித்த தயிரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். தெளிநீருக்கு இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தைத் தரும் ரிபோஃபிளேவின் என்னும் பி வகை உயிர்ச்சத்தும், லாக்டோஸின் பெரும்பங்கும் அந்த நீரிலேயே இருக்கின்றன. பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வடித்த தயிர் ஓரளவு ஒத்துக்கொள்வதற்கு, லாக்டோஸ் இப்படிக் குறைவதோடு, அதன் செரிமானத்துக்கு உதவும் உயிருள்ள பாக்டீரியாக்கள் அதில் இருப்பதும் காரணமாகும்.

ஆகவே பாத்திரத்தில் தேங்கிய தெளிநீரைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுவது, பாலுக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதியைக் கொட்டிவிடுவதாகும். நியூயார்க் மாநிலத்தில் வடித்த தயிர் ஆலைகள் பெருகியபோது, தயாரிப்பைவிடப் பெரிய சிக்கலாக நின்றது இந்த நீரே; ஒரு பங்கு தயிருக்கு மூன்று, நான்கு பங்கு பால் செலவாகும்போது எஞ்சியதெல்லாம் புளித்த தெளிநீர்தான். ஓடையில் விட்டால் அதிலுள்ள சர்க்கரையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரின் உயிர்வளியைத் தீர்த்துவிடும் என்பதால், அதைக் கால்நடைத் தீவனமாகவும் எரிவாயுக் கலன்களுக்கு ஊட்டமாகவும் அனுப்ப வேண்டியதாயிற்று. வங்காளத்து இனிப்புக் கடைகளில் முந்தைய நாளின் புளித்த தெளிநீரைக் கொண்டே மறுநாளின் பாலைத் திரித்துச் சானா என்னும் பால்திரளை எடுக்கும் பழக்கம் இருப்பது, இந்த நீருக்கு வேலை கொடுக்கத் தெரிந்தவர்களின் வழி.

வீட்டில் சேரும் அரை லிட்டர் தெளிநீருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. உப்பும் பெருங்காயமும் நசுக்கிய இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்த்தால் நீர்மோரைப்போலக் குடிக்கலாம். சப்பாத்தி மாவு பிசைய நீருக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் மாவு மென்மையாக வரும். மோர்க்குழம்பை நீர்க்கவைக்கவும் உதவும். மூடிவைத்தால் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் அதை வைக்கலாகாது, அமிலம் உலோகத்தை அரிக்கும். பருப்போ உருளைக்கிழங்கோ வேகும் நீரிலும் அதைத் தொடக்கத்திலேயே ஊற்றக் கூடாது; புளிப்பு காய்களின் செல்சுவர்களை இளகவிடாமல் தடுப்பதால், அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பருப்பு விதைவிதையாகவே நிற்கும். வெந்து மசிந்த பின்பு ஊற்றினால் சாம்பாருக்குப் புளியின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.